இருபது தப்படி

"போறோமா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. வண்டியைக் கண்ட இடத்துல நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்றான் ராயன்.

சமையலறையில் நின்ற நான்கு பேரும் பிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவில் மீன் வடிவக் காந்தம் ஒன்று. அதன் கீழே, கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். மேலே நீல மையில், கோணல் எழுத்தில், 'அப்பாவுக்கு மூணு நாள்' என்று தலைப்பு. எழுதிய இளவேந்தன் போன பிப்ரவரியில் செத்துப்போனான். பனி உறைந்த சாலையில் வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. இருபத்தெட்டு வயது. ஏழு மாதமாக அந்தத் தாளைத் தொட அம்மா யாரையும் விடவில்லை. பிரிட்ஜைத் துடைத்தால்கூட அதைச் சுற்றித்தான் துடைத்தாள்.

இளவேந்தனின் தங்கை சுகிர்தாவுக்கு அந்தத் தாள் மனப்பாடம். மூன்று நாள் பயணத் திட்டம் அது. பாரிஸை ஒட்டிய சார்செலில் இருக்கும் இந்த வீட்டிலிருந்து கிளம்பி, மேற்கே பிரெத்தாஞ் கடற்கரை வரை. முதல் நாள் சேன் மாலோ, கோட்டைச் சுவர் கட்டிய பழைய துறைமுகம். இரண்டாம் நாள் கான்கால், சிப்பி விளையும் ஊர். மூன்றாம் நாளுக்கு எதிரே ஒரே ஒரு வார்த்தைதான்: 'பொக்கிஷம்.' அதை அடிக்கோடிட்டு, 'வரைபடம் பின்பக்கம்' என்று எழுதியிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. தங்கையின் பிறந்தநாள் வந்தால் சாக்லேட்டை ஒளித்துவைத்து, தீப்பெட்டி அட்டையில் வரைபடம் போட்டுக் கொடுத்து அலையவிடுவான்.

இந்த முறை பொக்கிஷம் தங்கைக்கு இல்லை. அப்பாவுக்கு.

அப்பா கோதண்டபாணி புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினத்துக்காரர். மீனவர் வீட்டில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பதினெட்டு வருஷம் உழைத்தவர். மகனும் ராணுவத்தில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மகன் சேர்ந்தான். நாலாம் மாதமே ஒத்துவராது என்று திரும்பி வந்துவிட்டான். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான் மனிதர். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்வார். அவனோ ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பான். யாராவது சமாதானம் பேசினால் ஒரே பதில்: "சொன்ன பேச்சைக் கேக்காத புள்ள."

ஜனவரியில் இந்தத் தாளை ஒட்டிவிட்டு இளவேந்தன் அப்பாவின் எதிரில் போய் நின்றான். "ஏப்ரல்ல போலாம்ப்பா. மூணே நாள்தான்." கோதண்டபாணி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் மகளிடம் சொன்னார்: "அப்புறம் பாக்கலாம்னு சொல்லு." அவன் காதில் விழுந்த அப்பாவின் கடைசிப் பேச்சு அதுதான். அதுவும் தங்கை வழியாக.

மகன் போன பிறகு அவர் ஆளே மாறிப்போனார். சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். ஜூலையில் ஒருநாள், காபி கொண்டுவந்த சுகிர்தாவிடம் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "என் மேல கோவத்தோடவே போய்ட்டானா, பாப்பா?" அவள் இல்லை என்று சும்மா சொல்லியிருக்கலாம். அப்பா நம்பியிருக்க மாட்டார். அன்று முதல் அவளுக்கு ஒரே எண்ணம், அண்ணன் புதைத்துவைத்த அந்தப் பொக்கிஷப் பெட்டியைத் தோண்டி எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட வேண்டும். பதில் அதற்குள் இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

"நவம்பர்ல என் வண்டியத்தான் எடுத்துக்கினு போனான்" என்றான் ராயன். இளவேந்தனோடு ஒன்றாகப் படித்தவன். தமிழ்க் கடைகளுக்குக் காய்கறி போடுகிறவன். "திரும்பி வந்தப்ப வண்டி பூரா மணலு. என்னடான்னா சிரிக்கிறான். பொட்டி அங்கதான் இருக்கு மாமா. எழுதி வச்சிட்டுப் போனவன் வந்தா எடுக்கப்போறான்?"

கடைசி வாக்கியம் வாய் தவறி வந்துவிட்டது. ராயன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்போதுதான் அம்மா அசைந்தாள். காந்தத்தை எடுத்தாள், தாளை எடுத்தாள், முந்தானையில் ஒரு முறை ஒற்றி, கணவரின் சட்டைப் பையில் செருகினாள்.

"போய்ட்டு வாங்க. நான் வரல. என்னால அந்தக் கடலைப் பாக்க முடியாது" என்றாள். "புளியோதரை கட்டியிருக்கேன்."

கோதண்டபாணி போய் ஷூவை மாட்டிக்கொண்டார்.

கிளம்பியாயிற்று! செப்டம்பர் கடைசி வாரம், மேகம் போட்ட காலை. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மணக்கும் ராயனின் பழைய வேன் மேற்கு நோக்கி ஓடியது. பின்னால் இரண்டு மண்வெட்டி, தக்காளிப் பெட்டிகளைக் கட்டும் கயிறு, மூன்று பேருக்கு மழைச்சட்டை. அப்பா முன்சீட்டில். நானூறு கிலோமீட்டரில் அவர் பேசியது இரண்டே வார்த்தை: "மெதுவா போ."

சேன் மாலோவில் சுகிர்தா தாளை விரித்து வாசித்தாள். 'முதல் நாள்: கோட்டைச் சுவர் மேல ஒரு சுத்து. அப்பாவுக்கு முட்டி வலி. படி ஏறவேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவார். அதனால நான் வலிக்குதுன்னு சொல்லி நடுவுல உக்காந்துடணும்.' அதற்குக் கீழே: 'இங்கேருந்துதான் அந்தக் காலத்துல புதுச்சேரிக்குக் கப்பல் வந்துச்சாம். அப்பாகிட்ட சொல்லணும். நம்மளைத் தேடி முதல்ல அவங்கதான் வந்தாங்கன்னு.'

கோதண்டபாணி கோட்டைப் படிகளைப் பார்த்தார். ஏறினார். பாதியில் ராயன், "அப்பாடா, முட்டி வலிக்குது" என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்தான். தடித்தாண்டவராயன் மாதிரி உடம்பு, ஒரு நாளைக்கு நூறு மூட்டை தூக்குகிறவன்! அப்பா அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை இரண்டு பேரும் பார்க்காதது போல இருந்தார்கள்.

அன்றைக்கு அந்தக் கடலைப் பற்றி ராயன் ஒரு விஷயம் கேட்டுக்கொண்டு வந்தான். "இங்க கடல் நாலு மாடி உயரம் ஏறி எறங்குமாம் மாமா. விடுதிக்காரர் சொல்றாரு. இந்த வாரம்தான் பெரிய ஏத்தமாம். எனக்கு நீச்சல் தெரியாது, சொல்லிட்டேன்." சொன்னதோடு நிற்காமல், கடைக்குப் போய் வாத்துத் தலை வைத்த குழந்தைகள் காற்று வளையம் ஒன்றும் வாங்கி வந்தான்.

"கடலைப் பத்தி எனக்குச் சொல்றியா நீ" என்றார் அப்பா.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீராம்பட்டினத்தில் கடல் ஒரு முழங்கால் உயரம் ஏறும், இறங்கும். அங்கே பிறந்து வளர்ந்தவருக்குக் கடல் என்றால் இருந்த இடத்தில் இருப்பது. இளவேந்தனும் அங்கேதான் எட்டு வயது வரை வளர்ந்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையின் வில்லங்கமே இதில்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் கான்காலில் ராயன் பச்சைச் சிப்பி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான். 'அப்பா சாப்பிட மாட்டார், கட்டாயப்படுத்தக் கூடாது' என்றது தாள். மூன்று பேரும் கடலைப் பார்த்துப் புளியோதரை தின்றார்கள். இளவேந்தனின் திட்டத்தில் நான்காவது ஆளாக அவனும் உண்டு. அவனுக்கும் சேர்த்துத்தான் அம்மா கட்டியிருந்தாள் போல, பொட்டலத்தில் மீந்துபோயிற்று. அதைக் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு, வரைபடத்தின் மூலையில் பெயர் எழுதியிருந்த தீவு முன்னால் வந்து நின்றார்கள்.

சின்னஞ்சிறு மீனவக் கிராமம், அதற்கு எதிரே ஒரு பாறைத் தீவு. உச்சியில் கல் சிலுவை. கரையிலிருந்து தீவுக்குக் கல் பாவிய ஒரு பாதை, இருநூறு மீட்டர் இருக்கும். கடலையே காணோம்! தீவையும் தாண்டி அரை கிலோமீட்டருக்கு வெறும் மணல். அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடு மாதிரி தண்ணீர் தெரிந்தது. கல் பாதையில் நடந்து தீவின் பக்கவாட்டுக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். சுகிர்தா தாளைத் திருப்பினாள்.

வரைபடத்தில் சிலுவை இருந்தது, கடல் இருந்தது, நடுவில் ஒரு பெருக்கல் குறி. கீழே எழுதியிருந்தான்: 'ஈரத்துலேருந்து சிலுவையைப் பாத்து நேரா இருபது தப்படி. அப்பா தப்படி.'

வழியில் பலமுறை பார்த்த வரிதான். ஆனாலும் அந்த மணலில் நின்று வாசித்தபோது கோதண்டபாணி கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். அவருக்கும் சுகிர்தாவுக்கும் ஒரே மதியம் ஞாபகம் வந்தது. வீராம்பட்டினக் கடற்கரை. இளவேந்தனுக்கு ஆறு வயது. புதுச் செருப்பைத் தண்ணீர் ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடப் போனவன், திரும்பி வந்தால் ஒன்றைக்கூடக் காணோம். கொளுத்துகிற வெயில், மணல் அடுப்பு மாதிரி. அழுதுகொண்டு நின்றவனுக்கு அப்பா தன் பெரிய செருப்பை மாட்டிவிட்டு, வீடு வரை வெறுங்காலில் நடந்தார். கால் கொப்பளித்துப்போயிற்று. மறுநாள் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தானே நடந்து காட்டினார்: "ஈரத்துலேருந்து இருபது தப்படி தள்ளி வைக்கணும். அதுக்கு மேல கடல் வராது. புரியுதா?" ராணுவக்காரர் தப்படி அது, ஒன்றொன்றும் ஒரு கஜம். பிள்ளைகள் தாவித் தாவி அளந்தார்கள்.

"சரி, ஈரம் எங்கே?" என்றான் ராயன்.

நல்ல கேள்விதான். கண்ணுக்கு எட்டிய வரை எல்லா மணலும் ஈரம். கோதண்டபாணி தண்ணீர் ஓரம் வரை நடந்தார், அங்கிருந்து சிலுவையைப் பார்த்து இருபது எண்ணினார், மண்வெட்டியை நட்டார். தோண்டினார்கள். குழியில் தண்ணீர் ஊறியது, பக்கம் சரிந்தது, மறுபடி தோண்டினார்கள். ஒரு மணி நேரம் போனது. சிப்பி ஓடும் நண்டும்தான் கிடைத்தன.

"மெசியே, அங்கே எதைத் தேடுகிறீர்கள்?" என்று ஒரு குரல் கேட்டது. முழங்கால் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள், கையில் வாளியும் மணலைக் கிளறும் சிறு முள்வாரியும். மட்டிச் சிப்பி பொறுக்க வந்த உள்ளூர்க்காரி, பெயர் மதாம் லெகோஃப். சுகிர்தா பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உன் அண்ணன் வந்த அன்று கடல் எங்கே இருந்தது?" என்றாள். "இங்கே கடலுக்கு ஒரே வீடு கிடையாது, பெண்ணே. சிறிய ஏற்ற நாளில் பாதி வழியில் நின்றுவிடும். இன்றைக்கு மாதிரிப் பெரிய நாளில் அந்தப் பாறை வரை ஏறும். நாளைத் தெரிந்துகொள்ளாமல் இடத்தைத் தெரிந்துகொள்ள முடியாது."

சுகிர்தா கைபேசியை எடுத்தாள். நவம்பரில் ஒரு நண்பகல் இளவேந்தன் அனுப்பிய படம். 'வேலை முடிஞ்சது. அப்பாகிட்ட சொல்லாத.' குளிரில் மூக்கு சிவந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிற முகம். ஏழு மாதத்தில் ஆயிரம் தடவை பார்த்திருப்பாள், ஆயிரம் தடவையும் முகத்தைத்தான் பார்த்தாள். இப்போது முதல் தடவையாக முகத்துக்குப் பின்னால் பார்த்தாள். துருப்பிடித்த இரும்புத் தூண் ஒன்று. தூணின் காலைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் தூண்" என்றாள். திரும்பினாள். தூண் அதோ, மணலுக்கு நடுவே, தீவின் பக்கம், தன்னந்தனியாக நின்றது.

மதாம் லெகோஃப் தலையை ஆட்டினாள். "தூணின் கால் வரைதானா? அது மிகச் சிறிய ஏற்றம். இதுதான் கடலின் எல்லை என்று நினைத்துவிட்டான் பாவம். கல் பாதை மூழ்கியதைக்கூட அவன் பார்த்திருக்க மாட்டான்." கடலைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கோடு முன்னைவிடக் கிட்டே வந்திருந்தது. "போய்த் தோண்டுங்கள். ஆனால் ஒன்று. தண்ணீர் தூணைத் தொட்டதும் கிளம்பிவிட வேண்டும். இன்றைக்கு அந்தத் தூண் முழுசாக மூழ்கும். இங்கே கடல் முன்னாலிருந்து வராது, சுற்றிக்கொண்டு பின்னால் வந்து பாதையை மூடும். நான் பாதை முனையில் நிற்கிறேன்."

ஓடினார்கள்! கோதண்டபாணி தூணடியில் நின்று, சிலுவையைப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தார். இருபது. தோண்டினார்கள். முழங்கை ஆழம், தோள் ஆழம். ஒன்றுமில்லை. பக்கத்தில் இன்னொரு குழி. அதிலும் இல்லை. ராயனைப் பாதைப் பக்கம் காவலுக்கு அனுப்பியிருந்தார்கள், அவன் வாத்து வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தான்: "தண்ணி தூணுக்கு அம்பது அடியில இருக்கு மாமா!" கொஞ்ச நேரம் கழித்து: "முப்பது!"

சுகிர்தாவின் உள்ளங்கை உரிந்துவிட்டது. கடல் கொண்டுபோயிருக்குமோ? பத்து மாதக் கடல், எத்தனை பெரிய ஏற்றம்! அப்பாவைப் பார்த்தாள். வளைந்த முதுகு. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து மறுபடி தூணடிக்குப் போய், மறுபடி எண்ணிக்கொண்டு வந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று விளங்கியது.

"அப்பா, இது உங்க தப்படி இல்ல."

"என்ன?"

"பிப்ரவரிலேருந்து நீங்க இப்படித்தான் நடக்கிறீங்க. கிழவன் மாதிரி. அண்ணன் இந்த அப்பாவை எழுதல. முன்ன மாதிரி நடங்கப்பா."

கோதண்டபாணி அவளை வெறித்துப் பார்த்தார். தண்ணீர் தூணுக்கு இருபது அடியில் இருந்தது. அவர் தூணில் முதுகை ஒட்டி நிமிர்ந்தார். தோளைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு நடந்தார். பதினெட்டு வருஷம் அணிவகுத்த கால் அது. முட்டி வலித்தால் வலிக்கட்டும் என்று வீசி வைத்தார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. முன்பு தோண்டிய குழிகளைத் தாண்டி ஏழெட்டு அடி மேலே, ஒரு கருங்கல்லின் முன்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள்.

"தூணைத் தொட்டுடுச்சி மாமா, வாங்க!" என்று ராயன் அலறினான்.

"நாளைக்கு வரலாம்ப்பா. இடம் தெரிஞ்சுபோச்சு இல்ல" என்றாள் சுகிர்தா. அவளுக்கே அழுகை வந்தது.

"அப்புறம் பாக்கலாம்னு ஒரு தடவை சொல்லிட்டேன் பாப்பா. இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்." அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே வாரினார். "நீ போ. ராயனோட போ."

அவள் போகவில்லை. அவளும் மண்டியிட்டு வாரினாள். விரலில் ஏதோ தட்டியது.

பிஸ்கட் டப்பா, தகர டப்பா. ஒரு காலத்தில் அதன்மேல் படம் இருந்திருக்கும். இப்போது துருதான் இருந்தது. அப்பா இழுத்ததும் அடித்தட்டு கையோடு பிய்ந்துவந்தது. உள்ளே ஈர மணல், மணலுக்குள் பிளாஸ்டிக் பை ஒன்று, பையும் கிழிந்திருந்தது. மடித்த தாள்கள் இருந்தன. நாலைந்து பக்கம் எழுதியிருப்பான். அவள் பிரிக்கப் பார்த்தாள். சோற்றுக் கஞ்சி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நீல மை எங்கும் பரவி, ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை.

"என்ன எழுதியிருக்கான்?" என்றார் அப்பா. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது. "படி பாப்பா."

சுகிர்தாவின் வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. 'உங்க மேல கோவம் இல்லப்பா' என்று அண்ணன் எழுதியிருக்கிறான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வந்ததே அதைக் கேட்கத்தான். ஆனால் அண்ணன் எழுதியதை அவளாக எழுத முடியவில்லை.

"படிக்க முடியலப்பா. ஒண்ணுமே தெரியல. எல்லாம் கரைஞ்சுபோச்சு."

கோதண்டபாணி கடலைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தான் நடந்து வந்த காலடித் தடத்தைப் பார்த்தார். அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. முகம் கோணிக்கொண்டு போனது.

"இருபது தப்படி தள்ளி வைன்னு நான்தான் சொன்னேன். அதுக்கு மேல கடல் வராதுன்னு நான்தான் சொன்னேன். இந்தக் கடலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? கொஞ்சம் மேல, அந்தப் பாறை மேல வச்சிருந்தா காகிதம் நனைஞ்சிருக்காது. என் பேச்சைக் கேட்டுத்தான்..." அவரால் முடிக்க முடியவில்லை. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர், குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். பிப்ரவரியில் அடக்கத்தின்போதுகூட அவர் இப்படி அழவில்லை.

சுகிர்தா அவர் தோளைப் பிடித்தாள். "ஆமாப்பா. உங்க பேச்சைக் கேட்டுத்தான் இங்க வச்சான். இருபத்திரண்டு வருஷம் கழிச்சும் கேட்டிருக்கான். சொன்ன பேச்சைக் கேக்காத புள்ளன்னீங்களே."

அழுகை நிற்கவில்லை. ஆனால் அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அப்போது அவள் கையிலிருந்த பை இன்னும் கிழிந்து, அடியிலிருந்த கனமான பொருள் மணலில் விழுந்தது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல வார். புதுசு, ஒரு தடவைகூடக் காலில் போடாதது. கடலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கோதண்டபாணி ஒற்றைச் செருப்பை எடுத்து மணலைத் துடைத்தார். "சைஸ் பாரு."

"ஒம்போதுப்பா."

"என் சைஸ்" என்றார்.

ராயன் ஓடியே வந்துவிட்டான். தண்ணீர் தூணின் இடுப்பில் இருந்தது. மூன்று பேரும் பாதைக்கு வந்தபோது பாதையே இல்லை! இரண்டு பக்கமும் இருந்த கடல் நடுவில் கைகோத்துக்கொண்டு, நுரைத்து ஓடியது. அக்கரையில் மதாம் லெகோஃப் வாளியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்: இங்கே, நேராக, இந்தப் பக்கம்.

"மேல ஏறி உக்காந்துடலாம் மாமா. ராத்திரி தண்ணி எறங்கினதும் போலாம்" என்றான் ராயன். பல் தந்தியடித்தது.

"நனைஞ்ச துணியோட அந்தப் பாறை மேல அஞ்சு மணி நேரம் வெறைக்கிறதா? இடுப்பளவு கூட வரல. இன்னும் பத்து நிமிஷம் நின்னாத்தான் போக முடியாது." அப்பா செருப்பு இரண்டையும் சட்டைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டினார். ராயன் தோளில் கிடந்த தக்காளிக் கயிற்றை வாங்கி மூன்று பேர் இடுப்பிலும் முடிச்சுப் போட்டார். மீனவர் முடிச்சு, கை மறக்கவில்லை. "காலைத் தூக்காத, தரையிலேயே தேய்ச்சிக்கினு வா. தண்ணி வர்ற பக்கமா சாய்ஞ்சிக்கோ. என் முதுகை மட்டும் பாரு. ராயா, அந்த வாத்தை விடு, எனக்குப் பின்னாடி கயிறைப் பிடி."

ஏழு மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை.

இறங்கினார்கள். குளிர் எலும்பைக் கடித்தது. முழங்கால், தொடை, இடுப்பு. நடுப்பாதையில் ஓர் இழுப்பு வந்தது. ராயன் வழுக்கி முழுசாக உள்ளே போனான். கயிறு விண்ணென்று இழுபட்டது. அப்பா காலை ஊன்றி நின்றார், சுகிர்தா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், ராயன் வாத்தோடு மேலே வந்தான், இருமினான், ஏசுவையும் மாதாவையும் கூப்பிட்டான். அப்பா ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் சட்டைக்குள் இருந்ததையும் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு தப்படியாக. மறுகரைக் கல் காலில் தட்டியபோது மதாம் லெகோஃப் மூன்று பேரையும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அவளுடைய மொழியில் என்னென்னவோ திட்டினாள், திட்டிக்கொண்டே தன் கம்பளி மேலாடையைக் கழற்றிச் சுகிர்தாவுக்குப் போர்த்தினாள்.

திரும்பிப் பார்த்தார்கள். தீவு தனியாகிவிட்டது. தூணின் நுனி கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் போனது. டப்பாவும் கஞ்சியான கடிதமும் குழியோடு கடலுக்கு அடியில். அண்ணன் நாலைந்து பக்கம் என்ன எழுதினான் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சுகிர்தாவுக்கு அது இன்றும் ஆறுகிற விஷயம் இல்லை.

கோதண்டபாணி சுவரோரம் உட்கார்ந்து, தண்ணீர் நிறைந்த ஷூவைக் கழற்றி வைத்தார். நீல வார்ச் செருப்பைக் காலில் மாட்டினார். நாலு அடி நடந்து பார்த்தார்.

"வார் கொஞ்சம் கடிக்குது" என்றார்.

"புதுசு இல்ல, பழகிடும்" என்றான் ராயன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் மத்தியானம் சார்செல் வீட்டுக் கதவை அம்மா திறந்தாள். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டி எங்கே என்று கேட்கவில்லை. குளிரில் செருப்போடு வந்து நின்ற கணவரின் காலைப் பார்த்தாள். கட்டை விரலுக்குப் பக்கத்தில் வார் உரசித் தோல் உரிந்திருந்தது.

"கால்ல என்ன இது?"

"வேந்தன் வாங்கிக் குடுத்தது" என்றார் கோதண்டபாணி. "தள்ளி வைன்னு நான் சொன்ன எடத்துல வச்சிருந்தான்."

அம்மா குனிந்து அந்த நீல வாரைத் தொட்டாள். பிறகு உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள். சட்டைப் பையில் இருந்த தாள் கடலில் நனைந்து பாதி போய்விட்டது. மிச்சத்தைச் சுகிர்தா காயவைத்து மறுபடி பிரிட்ஜ் கதவில் மாட்டினாள். கடலுக்குப் போகிறவர்கள் அன்றைக்கு அது எங்கே வரை ஏறும் என்று உள்ளூர் ஆட்களைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. வீட்டில் ஒருவன் வா என்று கூப்பிட்டால் அன்றைக்கே போய்விடுவது அதைவிட நல்லது. கோதண்டபாணி இப்போது வெளியே கிளம்பினால், மழையானாலும் பனியானாலும், அந்தச் செருப்பைத்தான் போடுகிறார். வார் இன்னும் கடிக்கிறது என்கிறார். மாற்றிக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை.